ஜப்பானுக்குப் போய் ஜப்பானிய மொழி படிக்கலாமா? போகலாம், என்4 முடித்துவிட்டு

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வயது 25. கணினி அறிவியலில் பட்டம், இரண்டு வருடமாக மென்பொருள் வேலை, ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தேர்ச்சி (என்5 அடி நிலை, என்1 உச்ச நிலை). வேலையை விட்டுவிட்டு, எல்லாப் பாடத்தையும் ஜப்பானிய மொழியிலேயே நடத்தும் ஒரு மொழிப்பள்ளியில் ஒரு வருடம் தங்கிப் படித்தால் சரளமாகப் பேச வந்துவிடுமா? பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்க முடியுமா? அந்தப் பணத்துக்கு இங்கேயே படிப்பது மேலா?

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போதே கிளம்ப வேண்டாம். என்4 அளவுக்கான இலக்கணத்தையும் சொற்களையும் இங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போன பிறகு, வகுப்பு முடிந்து மிச்சமிருக்கும் நாளை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியர்களிடம், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த இருவரில் ஒருவர் என்2 வாங்கி ஜப்பானிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். இன்னொருவர் தபால் நிலையத்தில் ஒரு பார்சல் அனுப்பக்கூடத் துணைக்கு ஆள் தேடுகிறார். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். புத்திசாலித்தனம் இதற்குக் காரணமில்லை. காரணத்தை விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் உள்ள பெரும்பாலான மொழிப்பள்ளிகள் நேரடி முறையில் நடத்துகின்றன. அதாவது முதல் நாளிலிருந்தே ஆசிரியர் ஜப்பானிய மொழியில் மட்டும்தான் பேசுவார். வேறு வழியும் இல்லை. ஒரே அறையில் நேபாளம், வியட்நாம், சீனா, மியான்மர், இலங்கை, பிரான்ஸ் என்று உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று கிடையாது.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹரால்ட் பாமர் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்துக்கு ஆங்கிலக் கற்பித்தல் ஆலோசகராக வந்தார். வாயால் கேட்டு, வாயால் பதில் சொல்லிப் பழகுவதை முதலில் வைத்தவர் அவர். டோக்கியோவில் அமெரிக்கத் தூதரகத்தாருக்கு ஜப்பானியம் கற்பித்துக்கொண்டிருந்த நகனுமா நவோஎ, பாமரின் முறையை ஜப்பானிய மொழிக்கு ஏற்றாற்போல் மாற்றிக் கேள்வி பதில் சங்கிலியாக வளர்த்தெடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி 1948இல் தொடங்கியது, ஷிபுயாவில் இன்றும் நடக்கிறது. இன்று நீங்கள் எந்தப் பள்ளிக்குப் போனாலும், ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?", "இது ரயிலா, பேருந்தா?", "நீங்கள் பேருந்தில் வந்தீர்களா?" என்று கேள்வியை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த முறை நன்றாக வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காததால், வாக்கியம் நேராக வாய்க்கு வந்து பழகுகிறது. தினமும் காலையில் காஞ்சித் தேர்வு (காஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்), சொல்வதைக் கேட்டு எழுதுதல், வாரம் ஒரு கட்டுரை, மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் நின்று பேசுதல் என்று விடாமல் வேலை வாங்குவார்கள். ஒரு வகுப்புக்கு வாரத்தில் மூன்று நான்கு ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குவார். இதனால் ஒரே குரலுக்கு மட்டும் காது பழகிப்போகும் ஆபத்து குறைகிறது.

ஆனால் இதில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நல்ல ஜப்பானிய ஆசிரியர், நீங்கள் இதுவரை எந்தச் சொற்களைப் படித்திருக்கிறீர்கள், எந்த இலக்கண வடிவம் வரை வந்திருக்கிறீர்கள் என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டு, அந்தச் சொற்களுக்குள்ளேயே பேசுவார். அவர்களுக்குக் கொடுக்கப்படும் பயிற்சியே அதுதான். அதனால் வகுப்பில் எல்லாம் புரியும். வெளியே வந்து மருந்துக் கடையில் நின்றால் ஒன்றும் புரியாது. நமக்கு மூளை மழுங்கிவிட்டதோ என்று பயந்துபோகிறவர்கள் நிறைய. பயப்பட வேண்டியதில்லை. வகுப்பறை ஜப்பானியம் உங்களுக்காக அளந்து தரப்படுவது, கடைக்காரரின் ஜப்பானியம் அப்படி இல்லை. அந்த இடைவெளியை வகுப்பால் மூட முடியாது. வெளியே செலவிடும் நேரம்தான் மூடும்.

அந்த நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாணவர் விசாவில் படிப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்குக் குறைந்தது 760 பாடவேளை நடத்த வேண்டும் என்பது விதி. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரத்துக்கு 20 பாடவேளை, நாளுக்கு நான்கு, காலை அல்லது மதியம் ஏதாவது ஒரு வேளை மட்டும். மொத்தம் வருடத்துக்கு 570 மணி நேரம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள் என்றால் வருடத்துக்கு 5,840 மணி. ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வகுப்பில் இல்லை. மீதி ஒன்பது பங்கில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாழ்ந்துவிட்டு, "ஜப்பானில் ஒரு வருடம் இருந்தேன், பேச வரவில்லை" என்று சொன்னால் அதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப்பள்ளிகள் நடத்துகிறது. ஜப்பானியப் பிரிவு 1970இல் வந்தது. அங்கே சேர்கிறவர்கள், படிப்பு முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன், படிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஜப்பான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறது, ஆனாலும் மாணவர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள். மொழிக்குள் மூழ்குவது என்பது விமானம் ஏறுவதால் தானாக நடந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரி, என்4 முடித்துவிட்டுப் போங்கள் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? பழைய ஜேஎல்பிடி 1984இல் தொடங்கியபோது நான்கு நிலைகள்தான் இருந்தன. கீழிருந்து மேலாக, நான்காம் நிலைக்கு ஏறத்தாழ 800 சொற்களும் 100 காஞ்சி எழுத்துகளும், மூன்றாம் நிலைக்கு 1,500 சொற்களும் 300 காஞ்சிகளும், இரண்டாம் நிலைக்கு 6,000 சொற்களும் 1,000 காஞ்சிகளும், முதல் நிலைக்கு 10,000 சொற்களும் 2,000 காஞ்சிகளும் என்று வைத்திருந்தார்கள். 1,500இலிருந்து 6,000 என்பது எவ்வளவு பெரிய தாவல் பாருங்கள். அங்கேதான் பலர் விழுந்தார்கள். அதனால்தான் 2010இல் தேர்வை மாற்றி நடுவில் என்3 என்ற நிலையைச் சேர்த்தார்கள்.

அந்தப் பெரிய தாவலைத் தாண்டத்தான் ஜப்பானில் வாழ்வது உதவுகிறது. 800இலிருந்து 1,500 சொற்களுக்குப் போக ஜப்பான் தேவையில்லை. ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலி எழுத்து வரிசைகள், வினைச்சொல்லின் வடிவ மாற்றங்கள், எண்ணுப்பெயர்கள் எல்லாவற்றையும் சென்னையில் உட்கார்ந்தோ இணையத்தில் ஒரு ஆசிரியரை வைத்தோ படித்துவிடலாம். பெரும்பாலான பள்ளிகள் தொடக்க நிலையில் பயன்படுத்தும் 'மின்னா நோ நிஹோங்கோ'வின் முதல் இரண்டு பாகங்களில் 50 பாடங்கள். அதே புத்தகத்தை அதே வரிசையில் இங்கேயும் நடத்துகிறார்கள். அங்கே அதை முடிக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். உங்களிடம் இருப்பது ஒரு வருடம். அதில் பாதியை, டோக்கியோ வாடகை கொடுத்துக்கொண்டு, இங்கே கிடைக்கும் பாடத்துக்கே செலவழிப்பது வீண். அது மட்டுமில்லை, என்4 இல்லாமல் போகிறவருக்கு வெளியே கேட்கும் பேச்சு வெறும் இரைச்சல். என்4 இருந்தால் அதே பேச்சில் பாதி புரியும், மீதியை ஊகிக்கலாம். அந்த ஊகத்தில்தான் மொழி வளர்கிறது.

யோகொஹாமாவில் ஒரு மையம் இருக்கிறது. 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கியது, இப்போது பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆதரிக்கின்றன. பத்து மாதப் படிப்பு, அமெரிக்காவின் ஜப்பானியல் அறிஞர்களில் பலர் அங்கே உருவானவர்கள். அது தொடக்க நிலையினருக்கானதே இல்லை. கல்லூரி அளவில் ஜப்பானியம் படித்து அடித்தளம் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கானது. தங்கிப் படிப்பதன் பலன் எந்தக் கட்டத்தில் அதிகம் என்று தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இப்போது தமிழர்களுக்கென்று ஒரு விஷயம். இதை ஜப்பானிய ஆசிரியர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கில விளக்கத்தின் வழியாகப் படிக்காதீர்கள். தமிழை வைத்துப் படியுங்கள். 'நேற்று வந்த மனிதர்' என்பதை ஜப்பானியத்தில் அதே வரிசையில் 'கினோ கிதா ஹிதோ' என்பார்கள். 'செய்து பார்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களும் பார்த்தல் என்ற வினையைத்தான் துணைவினையாகச் சேர்க்கிறார்கள்: 'ஷிதே மிரு'. 'செய்து வை' என்பது 'ஷிதே ஒகு', அங்கேயும் துணைவினை வைத்தல்தான். 'செய்துவிடு' என்பது 'ஷிதே ஷிமாவு'. 'நானும்' என்பதில் வரும் உம் 'வதாஷி மோ'வில் வரும் மோ. 'யாரோ' என்பது 'தாரேகா', 'யாரும் வருவதில்லை' என்பது 'தாரேமோ கோனாய்'. மேற்கோளுக்கு நாம் போடும் 'என்று' அங்கே 'தோ'. ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல் இரண்டு பக்கம் விளக்கும் இடத்தை நீங்கள் ஒரு வரியில் தாண்டலாம்.

யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒரு படி மேலே. இது, உது, அது என்ற மூன்று சுட்டும் அவர்கள் பேச்சில் இருக்கிறது, கேட்பவர் பக்கத்தில் இருப்பது உது. ஜப்பானியத்தில் கோரே, சோரே, ஆரே என்பது அதேதான். மற்றவர்கள் சோரேவுக்கும் ஆரேவுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். அப்புறம், கொடுத்தலுக்கு ஜப்பானியத்தில் இரண்டு வினைகள் வரும். என் பக்கம் வருவதற்குக் 'குரெரு', வெளியே போவதற்கு 'ஆகெரு'. தொல்காப்பியம் தருதலையும் வருதலையும் தன்மை முன்னிலைக்கும், கொடுத்தலையும் செல்லுதலையும் படர்க்கைக்கும் பிரித்துச் சொல்வதை நினைத்துக்கொண்டால் இது மண்டையில் உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் வைத்து ஜப்பானியம் தமிழிலிருந்து வந்தது என்று கிளம்ப வேண்டாம். ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஓர் உறவை முன்வைத்தார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போவது படிக்கிறவருக்கு லாபம்.

ஒலிப்பிலும் நமக்குப் பாதி வேலை முடிந்தது. குறில், நெடில், மெய் இரட்டிப்பு மூன்றும் பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது. 'ஒஜிசான்' மாமா, 'ஒஜீசான்' தாத்தா. 'கிதே' வந்து, 'கித்தே' தபால்தலை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில்தான் படாத பாடு படுவார்கள். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள ஜப்பானியச் சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடுகின்றன. ஒன்றில் த வல்லொலியாக, இன்னொன்றில் அதிரும் ஒலியாக வரும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் இரண்டும் 'தென்கி' ஆகிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே ஹிரகானாவுக்கு மாறிவிடுங்கள்.

பேச்சு நடைக்கு வருவோம். பள்ளியில் முதல் ஆறு மாதம் 'தேசு', 'மாசு' என்று முடியும் மரியாதை நடைதான் கற்றுத் தருவார்கள். தெருவில் காதில் விழுவது சுருங்கிய நடை. 'ஷிதே ஷிமத்தா' என்று பாடநூலில் இருப்பது பேச்சில் 'ஷிச்சத்தா' ஆகும். நாம் 'செய்துவிட்டேன்' என்று எழுதி 'செஞ்சிட்டேன்' என்று பேசுகிற மாதிரியேதான். இரட்டை வழக்கோடு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. எழுத்து நடையையும் பேச்சு நடையையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே ஏற்றுக்கொண்டு, பேச்சு நடைக்கென்று ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காஞ்சி பெரிய மலைதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. இதில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வருகிறவர்களுக்கு எழுத்தைப் பார்த்தவுடன் பொருள் தெரியும், உச்சரிப்பை மட்டும் படித்தால் போதும். வகுப்பில் இருபது பேரில் பதினைந்து பேர் அப்படி இருந்தால், ஆசிரியர் வாசிப்புப் பாடத்தில் அவர்கள் வேகத்துக்குத்தான் போவார். நீங்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருப்பீர்கள். நேர்மாறாக, காஞ்சியே தெரியாதவர்கள் மட்டும் இருக்கும் வகுப்பில், இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிற பெஞ்சுகளும் இருக்கும், வேகம் குறைந்துவிடும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தெந்த நாட்டினர் எத்தனை பேர்? காஞ்சி தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா? என்4 முடித்து வந்தால் எந்த நிலையில் சேர்ப்பீர்கள்? போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள்? மழுப்பாமல் பதில் தரும் பள்ளியை நம்பலாம்.

பள்ளியின் தரத்தைப் பார்க்க இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மொழிப்பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருவது கல்வி அமைச்சகம். ஆசிரியர்களுக்கும் தேர்வெழுதிப் பதிவு செய்துகொள்ளும் தேசியத் தகுதி ஒன்று வந்துவிட்டது. முன்பு குடிவரவுத் துறையின் பட்டியலில் இருந்த பள்ளிகளுக்கு 2029 மார்ச் வரை அவகாசம். அங்கீகாரம் கிடைத்த பள்ளிகளின் விவரம் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜென்ட் காட்டும் வண்ணப் புத்தகத்தைவிட அதைப் பாருங்கள்.

ஊர் எது என்பதும் முக்கியம். டோக்கியோவில் தகாதானோபாபா, ஷின்-ஒகுபோ பக்கம் பள்ளிகள் வரிசையாக இருக்கும். வேலை வாய்ப்பும் பகுதிநேர வேலையும் அங்கேதான் அதிகம். ஆனால் டோக்கியோவில் நம் முகத்தைப் பார்த்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்களும் அதிகம். எடோகாவா வட்டத்தின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, இந்திய மளிகையும் சாப்பாடும் கிடைக்கும். மனசுக்கு இதம்தான், ஆனால் மொழி படிக்கப் போகிறவர் அங்கே வீடு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஃபுகுவோகா, கியோத்தோ, அய்ச்சி மாநிலத்தின் ஒகஸாகி மாதிரி ஊர்களில் வாடகை குறைவு, ஆங்கிலமும் குறைவு. ஹொக்காய்தோவின் ஹகோதாதேயில் எட்டு வாரக் கோடைப் படிப்பு ஒன்று நடக்கிறது. மாணவர்கள் எல்லோரும் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் படிப்பார்கள். ஒரு வருடம் போக முடியாதவர்களுக்கு அந்த மாதிரிக் குறுகிய படிப்பு உண்மையிலேயே நல்லது. உள்ளூர்ப் பேச்சு வழக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று கவலைப்பட வேண்டாம், பள்ளியிலும் செய்தியிலும் பொது நடைதான்.

வீடு விஷயத்தில் கறாராக இருங்கள். பள்ளி விடுதியில் பெரும்பாலும் ஒரே நாட்டுக்காரர்களைச் சேர்த்து அறை கொடுப்பார்கள். சமைக்க, சாப்பிட, அழ எல்லாவற்றுக்கும் துணை கிடைக்கும், ஜப்பானியம் மட்டும் கிடைக்காது. முதல் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, ஜப்பானியர்களும் தங்கும் ஷேர் ஹவுஸுக்கு மாறுங்கள். டோக்கியோவில் ஏறக்குறைய 50,000 முதல் 70,000 யென் வரை மாத வாடகை வரும். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். வெளியே கிடைக்கும் சூப், குழம்பு பலவற்றிலும் உலர்மீன் சாறு இருக்கும்.

வகுப்புக்கு வெளியே ஜப்பானியம் எங்கே கிடைக்கும்? அங்கே மணிக்குப் பணம் வாங்கிக்கொண்டு உரையாடும் கூடங்கள் இருக்கின்றன, அவை தேவையில்லை. பல நகராட்சிகளிலும் வார்டுகளிலும் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகள் உண்டு, இலவசமாகவோ சில நூறு யென்னுக்கோ. நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், பேசுவதற்கு நேரமும் பொறுமையும் உள்ளவர்கள். அவர்கள் உங்கள் பாடநூலின் சொற்கணக்கைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அதுதான் உங்களுக்கு வேண்டியது. அதே சமூகக் கூடங்களில் சமையல், பூப்பந்து, பாட்டு, தோட்டம் என்று குழுக்கள் இருக்கும். மொழி படிக்கச் சேராதீர்கள், பூப்பந்து ஆடச் சேருங்கள். வாரம் ஒருமுறை அதே பத்துப் பேரைப் பார்த்தால் போதும், மூன்று மாதத்தில் சுருங்கிய நடை காதில் உட்கார்ந்துவிடும். யாராவது ஆங்கிலத்தில் பதில் சொன்னால் சிரித்துக்கொண்டே ஜப்பானியத்தில் தொடருங்கள், பெரும்பாலானவர்கள் உடனே மாறிவிடுவார்கள். வீட்டுக்கு தினமும் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசும் பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். அம்மா அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும், காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பணம். கல்விக் கட்டணம் வருடத்துக்கு ஏழு முதல் ஒன்பது லட்சம் யென் வரை. டோக்கியோவில் வாடகை, சாப்பாடு, ரயில், கைபேசி எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஆக வருடத்துக்கு 20 லட்சம் யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி. அனுமதியை விமான நிலையத்தில் இறங்கும்போதே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் மணிக்கு 1,226 யென் ஆனது. நான்கு வாரத்துக்கு 112 மணி நேரம் என்றால் சுமார் 1.37 லட்சம் யென். வாடகையும் சாப்பாடும் இதில் நடக்கும். கட்டணம் நடக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

வேலையும் எல்லாம் ஒன்றில்லை. மொழி தெரியாமல் போகிறவருக்குக் கிடைப்பது சாப்பாட்டுப் பொட்டல ஆலையில் இரவு வேலை, கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை. அங்கே பேச யாரும் இல்லை, மறுநாள் வகுப்பில் தூக்கம்தான் வரும். என்4 முடித்து என்3 நோக்கிப் போகிறவருக்கு கொன்பினி என்னும் சிறு பலசரக்குக் கடை, உணவகம், காபிக் கடை கிடைக்கும். கல்லாவில் நிற்கும் நாலு மணி நேரத்தில் நூறு பேரோடு பேச வேண்டும். மரியாதைச் சொற்கள் தானாக வாயில் ஏறும். என்4 முடித்துவிட்டுப் போகச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம். 28 மணியை மீறாதீர்கள். விசா நீட்டிக்கும்போது வருமான விவரத்தைப் பார்ப்பார்கள், மீறியது தெரிந்தால் மறுத்துவிடுவார்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டையும் அப்படியே பார்ப்பார்கள்.

"கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம், அங்கே சம்பாதித்து மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்பலாம்" என்று சொல்லும் ஏஜென்டுகளிடமிருந்து விலகி நில்லுங்கள். மேலே உள்ள கணக்கைப் பார்த்தாலே அது நடக்காது என்று தெரியும். அந்தப் பேச்சை நம்பிக் கடன் வாங்கிப் போன பிள்ளைகள் படிப்பையும் விட்டு, விதியையும் மீறித் திரும்பி வருவதைப் பார்க்க வயிறு எரிகிறது. வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் அதற்கென்று தனி விசா இருக்கிறது. குறிப்பிட்ட துறைகளில் திறன் தேர்வும் என்4 அல்லது அதற்கு இணையான ஜப்பான் அறக்கட்டளைத் தேர்வும் எழுதி நேராகப் போகலாம். மொழிப்பள்ளி வழியாகச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி நாடுகளின் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வயது வரம்புக்குள், சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்யும் 'வொர்க்கிங் ஹாலிடே' விசாவும் உண்டு.

உங்கள் விஷயத்தில் பட்டம் இருப்பது பெரிய பலம். பொறியாளர்களுக்கான வேலை விசாவுக்கு இந்தியப் பட்டமே போதும், அங்கே மறுபடி கல்லூரி போக வேண்டாம். மென்பொருள் நிறுவனங்கள் பொதுவாக என்2 எதிர்பார்க்கும். ஆனால் ஒன்று, ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வு கிடையாது, சொந்தமாக எழுதிக் காட்டும் தேர்வும் கிடையாது. சொல்லும் இலக்கணமும் வாசிப்பும் கேட்பதும் மட்டும். என்2 சான்றிதழோடு நேர்காணலில் வாய் திறக்காதவர்களை நிறுவனங்கள் நிறையப் பார்த்திருக்கின்றன. அதனால் பள்ளியின் கடைசி மூன்று மாதத்தை நேர்காணல் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். பல பள்ளிகளில் அதற்கென்றே ஆசிரியர் இருப்பார்.

தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று நான்கு சேர்க்கை. ஏப்ரலில் சேர்ந்தால் அதிகபட்சம் இரண்டு வருடம் வரை படிக்கலாம், அக்டோபரில் சேர்ந்தால் ஒன்றரை வருடம். ஒரு வருடப் படிப்பு எல்லாப் பள்ளியிலும் இல்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி உங்களுக்காகக் குடிவரவுத் துறையில் விண்ணப்பித்து, சிஓஇ என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்றை வாங்கி அனுப்பும். அதை வைத்து இங்கே விசா. இதற்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். போய் இறங்கிய பிறகு, தங்குமிடம் உறுதியானதிலிருந்து 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதே நாளில் அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள், மருத்துவச் செலவில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. ஓய்வூதியப் பங்களிப்புக்கு உங்களுக்கு விலக்கோ சலுகையோ கிடைக்குமா என்று அங்கேயே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஜேஎல்பிடி ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய் நடத்துகிறது, பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஜூலையில் என்4 எழுதினால் ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்துவிடும், அக்டோபருக்குள் ஏப்ரல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையை ஜனவரி வரை விடாதீர்கள். இடையில் கிடைக்கும் மாதங்களில் என்3 இலக்கணத்தைத் தொடங்கி, வாரம் இருமுறை ஒரு ஜப்பானியரோடு இணையத்தில் பேசிப் பழகுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் பள்ளி வைக்கும் நிலைத்தேர்வில் உங்களைத் தொடக்க வகுப்பில் போடாமல் நடுநிலை வகுப்பில் போட்டார்கள் என்றால், டிசம்பரில் என்2 எழுதிப் பார்க்கலாம்.